ஓய்வுப் பணமும் ஒரே பங்கும்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் விடியற்காலையில் அடிபடும் பேச்சுக்கள் பல தினுசு. காவிரியில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, அமெரிக்காவிலிருக்கும் பேரன் எப்போது வருகிறான், முழங்கால் வலிக்கு எந்த டாக்டர் தேவலை என்பவை நெடுநாளாக நடந்துவரும் விவகாரங்கள். சமீப காலமாக இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. கம்பெனிப் பங்குகளைப் பற்றிய பேச்சுத்தான் அது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, ஈரம் உலராத கையில் செல்போனை எடுத்து, "நேத்து சாயங்காலம் என்ன விலைக்கு முடிஞ்சிருக்கு?" என்று பார்க்கிறவர்கள் இன்று எந்தப் படித்துறையிலும் இருக்கிறார்கள்.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் காலை அப்படி இருவருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இருவரும் எனக்குப் பழக்கமானவர்கள். பெயர்கள் வேண்டாம். ஒருவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மற்றவர் துவாக்குடிப் பக்கத்தில் ஒரு தனியார் ஆலையில் சூப்பர்வைசராக இருந்து, 58 வயது முடிந்து, அப்போதுதான் வேலையை விட்டு வந்தவர். முப்பது வருஷ உழைப்பின் பலனாக, பிராவிடண்டு பண்டு, கிராஜுவிடி, எடுக்காத லீவுக்கான பணம் எல்லாம் சேர்த்து அவர் கைக்கு 42 லட்சம் ரூபாய் வந்திருந்தது.

அவ்வளவு பெரிய தொகையை அவர் வாழ்நாளில் பார்த்தது அதுவே முதல் தடவை. இனிமேல் பார்க்கப் போவதுமில்லை. அதனால்தான் அவருக்குத் தூக்கமில்லை.

"முப்பதுக்கு மேல் வாங்க மாட்டேங்கிறாங்க"

"சார், தபாலாபீசுக்குப் போயிருந்தேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலே மொத்தப் பணத்தையும் போட்டுடலாம்னுதான் போனேன். முப்பது லட்சத்துக்கு மேல் வாங்க மாட்டேங்கிறாங்க. மிச்சம் பன்னிரண்டு லட்சம் கையிலே நிக்குது. மாப்பிள்ளை பெங்களூரிலே இருக்கார். 'செயற்கை அறிவுதான் இனிமே எல்லாம். நல்ல கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்கு ஒண்ணைப் பாத்து மொத்தமா வாங்கிப் போட்டுடுங்க மாமா, பத்து வருஷத்திலே பத்து மடங்கு'ங்கிறார். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பொன்மலைப் பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய மகனும் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் துறையில்தான் இருக்கிறான். அவன் தன் ஓய்வுக்காலக் கணக்கில் என்விடியா கம்பெனிப் பங்குகளை வாங்கிப் பெருத்த லாபம் பார்த்தவன். ஆகவே, 'பங்கே கூடாது' என்று சொல்லிவிட அவருக்கு வாயில்லை.

இந்த முப்பது லட்ச வரம்பு என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004-ஆம் வருஷம் தொடங்கியது. ஒருவர் அதில் போடக்கூடிய உச்சத் தொகை பல வருஷங்கள் 15 லட்சமாக இருந்தது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது 30 லட்சமாயிற்று. 60 வயது நிறைந்தவர்கள் சேரலாம். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர்களும் சேரலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும், அந்தப் பணத்துக்கு மேல் போடவும் முடியாது. ஐந்து வருஷத் திட்டம். சேருகிற அன்று என்ன வட்டியோ, அதுவே ஐந்து வருஷமும். 2025-ஆம் வருஷம் முழுவதும் அந்த வட்டி 8.2 சதவிகிதம்.

முப்பது லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 2,46,000 ரூபாய் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் கொடுப்பார்கள். மாதக் கணக்கில் 20,500 ரூபாய். மனைவி பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக ஆரம்பித்தால் வரம்பு அறுபது லட்சமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கூட்டுக் கணக்கில் உள்ள பணம் முழுவதும் முதல் பெயர்க்காரருடையதாகவே எண்ணப்படும். மனைவிக்கும் தனியே வயதுத் தகுதி இருந்தால்தான் அவர் பெயரில் இன்னொரு கணக்கு.

துவாக்குடி நண்பருக்குத் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் மாதம் 3,400 ரூபாய் வருகிறது. இரண்டும் சேர்ந்து 23,900. வீட்டுச் செலவு மாதம் 24,000. கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது. சொந்த வீடு இருப்பதால் வாடகைக் கவலை இல்லை.

"அப்புறம் என்ன தம்பி?" என்றார் பெரியவர்.

"இன்னிக்குச் சரியா இருக்கு சார். அஞ்சு வருஷம் கழிச்சு?"

நியாயமான கேள்விதான். விலைவாசி வருஷத்துக்கு ஆறு சதவிகிதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இன்று 24,000 ரூபாயில் நடக்கும் குடும்பம் ஐந்து வருஷத்தில் 32,000 ரூபாய் கேட்கும். வட்டியோ அதே 20,500. ரயில்வே பெரியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய பென்ஷனோடு அகவிலைப்படி சேர்ந்து வருகிறது. வருஷத்துக்கு இரு முறை அது திருத்தப்படுகிறது. தனியார் ஆலையில் உழைத்தவருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே, பங்கு வாங்கலாமா என்று அவர் கேட்டதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. விலைவாசிக்குப் பயந்துதான் கேட்டார்.

மற்றக் கணக்குகளும் அவற்றின் வரம்புகளும்

மீதிப் பன்னிரண்டு லட்சத்தை வேறு பத்திரமான கணக்குகளில் போட முடியாதா? முடியும். ஆனால் அங்கெல்லாமும் வேலி இருக்கிறது.

பி.பி.எப். என்று எல்லாரும் சொல்லும் பொதுச் சேமநிதி 1968-ல் வந்தது. வருஷத்துக்கு 1,50,000 ரூபாய்க்கு மேல் அதில் போட முடியாது; 2014 முதல் இதுவே வரம்பு. அதற்கு மேல் போட்டால் அந்த அதிகப் பணத்துக்கு வட்டி கிடையாது. 2020 ஏப்ரலிலிருந்து 2025 முடிய 7.1 சதவிகித வட்டி. வட்டிக்கு வரியில்லை என்பது பெரிய சௌகரியம். ஆனால் பதினைந்து வருஷம் கட்டிப்போட்ட பணம். 58 வயதில் புதிதாகத் தொடங்கினால் முதிர்ச்சியடையும்போது வயது 73.

தபாலாபீஸ் மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். வேலையில் இருப்பவர்கள் பிராவிடண்டு பண்டில் விருப்பப்பட்டு அதிகமாகப் போட்டு வருவதுண்டு. அதற்கும் 2021 ஏப்ரல் முதல் ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டது. ஊழியர் பங்காக வருஷத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால், அந்த அதிகப்படிக்குரிய வட்டிக்கு வரி உண்டு.

தேசிய பென்ஷன் திட்டம் என்பது வேறு வகை. அதில் நம் பணத்தில் ஒரு பகுதி பங்குகளில் போகிறது. அரசு ஊழியரல்லாதவர்களுக்குப் பங்கின் அளவு 75 சதவிகிதம் வரை என்று நெடுநாள் இருந்தது. 2025 அக்டோபரிலிருந்து சில திட்டங்களில் முழுப் பணத்தையுமே பங்குகளில் வைக்க வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அங்கும், 'இந்தக் கம்பெனிப் பங்கு ஒன்றே போதும், என் பணத்தையெல்லாம் அதிலே போடு' என்று நாம் உத்தரவிட முடியாது. நிதி நிர்வாகிகள் பல கம்பெனிகளில் பிரித்துப் போடுவார்கள்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே தனி நபர் ஓய்வுக் கணக்கு என்று ஒன்று உண்டு, ஐ.ஆர்.ஏ. என்பார்கள். 2025-ல் அதற்கு வரம்பு வருஷத்துக்கு 7,000 டாலர். ஐம்பது வயதானவர்கள் இன்னும் ஆயிரம் டாலர் போடலாம். அந்தக் கணக்குக்குள்ளேயே எந்தக் கம்பெனிப் பங்கையும் வாங்கலாம். பெரியவரின் மகன் செய்தது அதுதான். ஆனால் வருஷத்துக்கு ஏழாயிரம் டாலர் என்பது அந்தப் பையனின் சம்பளத்தில் சிறு பங்கு. அவன் வயதோ நாற்பதுக்குள். விழுந்தாலும் எழுந்திருக்க இருபத்தைந்து வருஷம் இருக்கிறது.

"அவன் கதையை உங்க கதையாக்கிடாதீங்க தம்பி" என்றார் பெரியவர்.

வாங்கியவர் யார், வாங்கிய நாள் எது?

கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்கு என்றதும் யாரும் சொல்லும் கதை இன்போசிஸ் கதை. 1981-ல் நாராயண மூர்த்தியும் ஆறு நண்பர்களும் பத்தாயிரம் ரூபாய் முதலில் தொடங்கிய கம்பெனி அது. 1993-ல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது விலை 95 ரூபாய். அன்றைக்கு வாங்க ஆளில்லை; வெளியிட்ட பங்குகள் முழுவதும் போணியாகவில்லை. ஒரு வெளிநாட்டு நிதி நிறுவனம் வந்து மிச்சத்தில் பெரும் பகுதியை வாங்கிக்கொண்டது. அன்று 9,500 ரூபாய் போட்டு நூறு பங்கு வாங்கி, விற்காமல் வைத்திருந்தவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்பது உண்மை.

ஆனால் 1999, 2000-ல் அதே துறையில் சென்னையிலேயே பென்டபோர், டி.எஸ்.க்யூ. என்று கம்பெனிகள் இருந்தன. அந்தப் பங்குகளும் அன்று வானத்துக்குப் போயின. 2001-ல் சந்தை சரிந்ததும் அவை விழுந்தவை எழுந்திருக்கவேயில்லை. அவற்றை வாங்கியவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் படித்துறையில் கதை சொல்வதில்லை. ஜெயித்தவன் கதைதான் ஊரைச் சுற்றும்; தோற்றவன் வாயை மூடிக்கொள்வான்.

சரி, நல்ல கம்பெனியாகவே பார்த்து வாங்குவோம் என்றால்? திருச்சிக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். டி.சி.எஸ். கம்பெனிக்கு 2009 முதல் 2017 வரை தலைமை அதிகாரியாக இருந்து, பிறகு டாட்டா சன்ஸ் தலைவரான என். சந்திரசேகரன், காவிரிக் கரையில் உள்ள மோகனூர்க்காரர். நம் துவாக்குடியில், அன்று ரீஜினல் இன்ஜினீயரிங் காலேஜ் என்றும் இன்று என்.ஐ.டி. என்றும் வழங்கும் கல்லூரியில் எம்.சி.ஏ. படித்தவர்.

டி.சி.எஸ். 2004 ஆகஸ்டில் 850 ரூபாய்க்குப் பங்கு விற்றது. 2006, 2009, 2018 ஆகிய மூன்று வருஷங்களில் ஒன்றுக்கு ஒன்று இலவசப் பங்கு கொடுத்தது. ஆகவே அன்று வாங்கிய ஒரு பங்கு எட்டுப் பங்காயிற்று. அடக்க விலை பங்குக்கு 106 ரூபாய்தான். 2024-ல் அந்தப் பங்கு 4,500 ரூபாயைத் தாண்டியது. 2004-ல் வாங்கியவருக்கு நாற்பது மடங்குக்கு மேல்.

இதைப் பார்த்துவிட்டு 2024-ன் உச்சத்தில் ஒருவர் தம் ஓய்வுப் பணத்தைப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2025-ல் அதே பங்கு 3,000 ரூபாய்க்குக் கீழே இறங்கிற்று. பன்னிரண்டு லட்சம் போட்டிருந்தால் எட்டு லட்சத்துக்கும் குறைவு.

கம்பெனி நஷ்டப்பட்டதா? அதுதான் இல்லை. 2023-24-ல் அதன் நிகர லாபம் சுமார் 45,900 கோடி ரூபாய். 2024-25-ல் சுமார் 48,500 கோடி. லாபம் கூடியிருக்கிறது! பங்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு விலை போய்விட்டது.

இது எப்படி? வீடு வாங்குகிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வருஷத்துக்கு ஒரு லட்சம் வாடகை வரக்கூடிய வீட்டை ஒருவர் 22 லட்சத்துக்கும் வாங்கலாம், 35 லட்சத்துக்கும் வாங்கலாம். 'இந்தத் தெருவில் வாடகை இரட்டிப்பாகப் போகிறது' என்ற நம்பிக்கை இருந்தால் 35 கொடுப்பார். நம்பிக்கை குறைந்தால், அதே வீட்டுக்கு, அதே வாடகைக்கு, 22-க்கு மேல் கேட்க ஆளிருக்காது. டி.சி.எஸ். விஷயத்திலும் அப்படித்தான். 2024-ல் ஒரு பங்குக்குரிய வருஷ லாபத்தைப் போல் 35 மடங்கு விலை கொடுத்தார்கள். 2025-ல் 22 மடங்குதான் கொடுக்கத் தயாராயிருந்தார்கள். செயற்கை அறிவு வந்தபின் மென்பொருள் எழுத இத்தனை பேர் வேண்டுமா என்ற சந்தேகம் உலகமெங்கும் எழுந்தது ஒரு காரணம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனியே தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. பங்குகளை ஏற்றிவிடும் என்று மாப்பிள்ளை நம்பும் அதே செயற்கை அறிவு, இந்தப் பங்கை இறக்குவதற்கும் ஒரு காரணமாயிற்று!

ஆகவே ஒரு பங்கின் எதிர்காலத்தை நிறுக்கிறவர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கம்பெனி நன்றாக நடக்குமா என்பது ஒன்று. அது நன்றாக நடக்கும் என்பதற்கு நான் ஏற்கனவே எவ்வளவு விலை கொடுத்துவிட்டேன் என்பது மற்றொன்று. முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்கிறவர்கள் குறைவு.

கண் எதிரே இருந்தாலும்

"நமக்குத் தெரிந்த கம்பெனியாக இருந்தால் பயமில்லையே?" என்று சிலர் கேட்கலாம். திருவெறும்பூர் பாய்லர் ஆலையைவிடத் திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த கம்பெனி எது? 1965-லிருந்து உற்பத்தி நடத்திவரும் பெல் ஆலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள், துவாக்குடியில் எத்தனையோ சிறு பட்டறைகள். அந்தப் பெல் கம்பெனிப் பங்கு 2020 மார்ச்சில் இருபது ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2024 ஜூலையில் முந்நூறு ரூபாயைத் தாண்டியது. இடையில் ஆலை அதே இடத்தில்தான் நின்றது. அதே சங்குதான் ஊதியது. ஆலையை அறிவது வேறு. பங்கின் விலையை அறிவது வேறு.

கணக்கே பொய்யாக இருந்தால் இன்னும் மோசம். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்று ஹைதராபாத்தில் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. நல்ல நிர்வாகத்துக்கென்று 2008-ல் விருது வாங்கிய கம்பெனி. 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய் என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். முதல் நாள் 179 ரூபாயாக இருந்த பங்கு, அன்று மாலை 40 ரூபாய்.

பன்னிரண்டு லட்சத்தை அதில் வைத்திருந்தவருக்கு, மாலையில் மீதி சுமார் 2,68,000 ரூபாய். போனது 9,32,000. மாதம் 24,000 செலவழிக்கும் குடும்பத்துக்கு அது முப்பத்தொன்பது மாதச் சாப்பாடு!

வெளிநாட்டில் மட்டும் என்ன? அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானபோது, அதன் ஊழியர்களின் ஓய்வுக் கணக்குகளில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் அதே கம்பெனிப் பங்காக இருந்தது. வேலையும் போயிற்று, ஓய்வுப் பணமும் போயிற்று. மோசடி ஏதுமில்லாத கம்பெனிகளிலும் காலம் காலை வாரிவிடுவதுண்டு. இன்டர்நெட்டுக்கு யந்திரங்கள் செய்யும் சிஸ்கோ இன்றும் நல்ல லாபத்தில் நடக்கும் கம்பெனி. ஆனால் 2000 மார்ச்சில் எட்டிய விலையை அந்தப் பங்கு மறுபடி எட்டிப் பிடிக்க 2025 டிசம்பர் வரையில் ஆயிற்று. அறுபது வயதில் வாங்கியவருக்கு எண்பத்தைந்து!

பெரியவரின் மகன் லாபம் பார்த்த என்விடியாவும் இதற்கு விலக்கல்ல. 2022-ல் அது பாதிக்கும் கீழே விழுந்து பிறகு எழுந்தது. 2025 ஜனவரி 27-ந் தேதி, சீனாவில் ஒரு சிறு கம்பெனி மலிவான செயற்கை அறிவு ஒன்றைச் செய்துவிட்டது என்ற செய்தியில், ஒரே நாளில் 17 சதவிகிதம் விழுந்தது. போன மதிப்பு சுமார் 58,900 கோடி டாலர். அதுவும் மீண்டது. மீளும் வரையில் காத்திருக்கக் கூடியவனுக்கு அது வேடிக்கை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டியவருக்கு?

வேலி எந்தப் பக்கம்?

இவ்வளவையும் பேசி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. இருவரும் மண்டபத்துக்கு வெளியே ஒரு கடையில் காப்பி வாங்கிக்கொண்டார்கள். அப்போது பெரியவர் சொன்ன வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"தம்பி, ஒண்ணு கவனிச்சீங்களா? பத்திரமான கணக்குக்கெல்லாம் சர்க்கார் வரம்பு போட்டிருக்கு. முப்பது லட்சம், ஒன்பது லட்சம், ஒன்றரை லட்சம்னு. ஏன்னா, அங்கே வட்டி கொடுக்கிறது சர்க்கார். அதிகமா வாங்கினா அதுக்குப் பாரம். ஆனா ஆபத்தான பங்குக்கு யாராவது வரம்பு போட்டிருக்காங்களா? நாளைக்குக் காலையிலே நீங்க பன்னிரண்டு லட்சத்தையும் ஒரே பங்கிலே போட்டா, 'வேண்டாம்'னு சொல்ல ஒரு ஆள் கிடையாது. எங்கே வேலி வேணுமோ அங்கே வேலி இல்லை. அதை நீங்களேதான் போட்டுக்கணும்."

துவாக்குடி நண்பர் காப்பி டம்ளரை ஆற்றாமலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ எவ்வளவு சார்?"

"எது மொத்தமாப் போனாலும் வீட்டிலே அடுப்பு அணையாதோ, அவ்வளவு."

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு லட்சத்தில் பத்தில் ஒன்று, அதாவது 1,20,000 ரூபாயை மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் பங்கில் போட்டால்? சத்யம் மாதிரியே ஒரே நாளில் விழுந்தாலும் போவது 93,000 ரூபாய். ஏறக்குறைய நாலு மாதச் செலவு. வலிக்கும், ஆனால் தாங்கலாம். மாப்பிள்ளை சொன்னபடி பத்து மடங்கானாலோ, பன்னிரண்டு லட்சமாகிவிடும். அதுவும் பிடிக்கும். விழுந்தால் தாங்கலாம், ஏறினால் சந்தோஷப்படலாம் என்ற அளவே சரியான அளவு.

மீதி 10,80,000? வியாதி வெக்கைக்கு என்று ஆறு லட்சத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பாங்கு டிபாசிட்டில் வைக்கலாம். எஞ்சிய 4,80,000 ரூபாயை, விலைவாசியோடு ஓடிப் பிடிப்பதற்காக, ஐம்பது பெரிய கம்பெனிகளில் பிரித்துப் போடும் நிப்டி குறியீட்டு நிதியில், ஒரேயடியாக இல்லாமல் இரண்டு மூன்று வருஷங்களில் சிறிது சிறிதாகப் போடலாம். அதிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் உண்டு. ஆனால் ஒன்று விழுந்தால் நாற்பத்தொன்பது தாங்கும். சந்தை முழுவதும் விழுகிற வருஷங்களும் வரும். அதனால்தான் அடுப்பெரிய வேண்டிய பணம் அதில் இருக்கக்கூடாது. லாபத்தில் விற்றால் வரி உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கு லாபத்தில், வருஷத்துக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 12.5 சதவிகிதம் என்று 2024 ஜூலையில் திருத்தியிருக்கிறார்கள்.

ரயில்வே பெரியவருக்கு இதே கணக்குப் பொருந்தாது. அவர் கொஞ்சம் அதிகமாகவே போடலாம். அகவிலைப்படியோடு பென்ஷன் அவரைத் தாங்கும். ஒரே பங்கு, ஒரே விலை, ஒரே நாள். ஆனாலும் ஆளுக்கு ஆள் வரம்பு வேறு. டெலிபோனில் 'இந்தப் பங்கை வாங்கு' என்று யோசனை சொல்லுகிறவர்கள் பங்கைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, வாங்குகிறவரின் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் முகம் தெரியாதவர்கள் சேர்ந்துகொண்டு சொல்லும் யோசனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செபி என்னும் பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியத்தில் பதிவு செய்துகொண்டவர்தானா என்று பார்க்காமல் எவருக்கும் ஒரு காசும் அனுப்பக் கூடாது.

இந்தப் பாடம் புதிதல்ல. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, வாழ்நாள் சேமிப்பை அங்கே ஒரே இடத்தில் வைத்திருந்த உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நல்ல வெள்ளைக்காரக் கம்பெனி, கெட்டியான கட்டடம், நெடுநாள் பெயர் என்றுதான் நம்பினார்கள். 'கெட்டி' என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குத் திருச்சிக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணை 182 வருஷம் நின்றது. 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, அதன் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று.

போன வாரம் துவாக்குடி நண்பரை ஸ்ரீரங்கம் தபாலாபீஸ் வாசலில் பார்த்தேன். கையில் பாஸ் புத்தகம். முகத்தில் தெளிவு இருந்தது.

"முப்பது லட்சமும் போட்டாச்சு சார். மிச்சத்தையும் பிரிச்சு எழுதி வச்சுட்டேன். பங்குக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். அதுக்கு மேலே ஒரு பைசா கிடையாது. வீட்டிலே காலண்டர்லே எழுதி, அவளையும் கையெழுத்துப் போடச் சொல்லிட்டேன்."

"மாப்பிள்ளை என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'ரொம்பக் கம்மி மாமா'ன்னார். 'ஏறினா நீங்க சொன்னது சரி, விழுந்தா நான் செஞ்சது சரி, ரெண்டிலே எது நடந்தாலும் தீபாவளிக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க'ன்னேன்" என்று சிரித்தார் அவர்.